பாடங்கேட்டலின் வரலாறு

பண்டைத் தமிழ்க் கல்வி நெட்டுருவில் தொடங்கி நெட்டுருவிலேயே முடிந்ததென்று கூறுவாருளர். இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையதென்பதை நன்னூல் கொண்டும், 19ஆம் நூற்றாண்டில் தமிழ் கற்ற புலவர் இருவரின் வாழ்வு கொண்டும் ஈண்டு ஆராய்வாம்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஐந்து பகுதிகளை உடையது. அவற்றுள் இறுதியது பாடங்கேட்டலின் வரலாறு. வரலாறு என்பது இங்கு முறைமை என்னும் பொருட்டு. வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டவற்றைச் சிந்தித்தல், ஆசிரியனை மீண்டும் அடுத்துத் தெளிதல், உடன்கற்பாரொடு பயிலுதல், வினாதல், வினாயவற்றுக்கு விடையிறுத்தல் என நூல் பயிலும் இயல்பு அதன்கண் வகுக்கப்பெற்றுள்ளது. நெட்டுரு இவற்றுள் ஒன்றேயன்றி முற்றுமன்று.

மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்தும் இக்கருத்தே புலப்படுகின்றது. சொல்லியதைச் சொல்லும் கிளி இடைமாணாக்கனுக்கே உவமையாயிற்று. நீரொழித்துப் பாலுண்ணும் அன்னமும், மேய்ந்ததை மீட்டும் அசைபோடும் ஆவும் தலைமாணாக்கனுக்கு உவமைகளாயின. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றும் நெய்யரியோ கடைமாணாக்கனுக்கு உரியது.

இவற்றினும் சிறந்தது புலமையை அளவிட்டுக் கூறும் பகுதியாகும். ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டவழியும் மாணாக்கன் எய்துவது புலமையிற் காற்கூறே. உடன்கற்பாரொடு பயிலுதலால் மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்குங்கால் நிரம்பும். கற்பித்தலும் கற்றலின் பகுதியே என்பது நன்னூலார் கருத்தாதல் தெளிவு.

பாடம் போற்றல் இகழத்தக்கதென்பது இதனாற் பெறப்படாது. நெய்க்காரப்பட்டிக்கு அண்மையிலுள்ள பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே பார்வை இழந்தவர். ஏடு காண இயலாத அவர் செவியாற் கேட்டவற்றை நெஞ்சில் நிறுத்திப் பெரும்புலவராயினார். ஆயினும், அவர் புலமை கேட்டதை ஒப்புவித்தலோடு அமையவில்லை; புதுச்செய்யுள் இயற்றும் ஆற்றலாய் மலர்ந்தது. நினைவு அவர்க்கு ஏடாக நின்றது. சிந்தனையே அதனைக் கவியாக்கியது.

உ. வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். பிள்ளை பாடும் செய்யுட்களை ஏட்டில் எழுதுவதும், உடன்மாணாக்கரொடு பயிலுவதும் அவர் கல்வியின் பகுதிகளாயின. 1876இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்தில் இருந்து பிறர்க்குப் பாடஞ்சொன்னார். நன்னூலார் குறித்த அரைக்கூறு அவர்க்கு அங்கே வாய்த்தது எனலாம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பொறுப்பேற்றபோது அவர் பாடஞ்சொல்லிப் பழகியவராகவே வகுப்பினுட் புகுந்தார்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் எழுத்துத் தேர்வே கல்வியின் அளவுகோலாயிற்று. ஒரே ஆசிரியர் பலர்க்கு ஒருங்கு உரைக்கும் வகுப்புமுறையும் பெருகியது. அதனால் கல்வி பலர்க்கு எட்டியது மறுக்கவொண்ணா நன்மை. எனினும் குறிப்பெடுத்து, மனனஞ்செய்து, தேர்வெழுதி அமையும் மாணாக்கன் நன்னூலார் கணக்கில் காற்கூறே பெறுகின்றான். சிற்றூரினின்று முதன்முதல் பல்கலைக்கழகம் புகுவானுக்கு வீட்டில் ஐயந் தீர்ப்பார் இலராதலின் இக்குறை பெரிதாகின்றது.

இதனைப் போக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நால்வர் ஐவர் குழுவாகக் கூடி, வாரந்தோறும் ஒருவர் ஒரு பகுதியை ஏனையோர்க்கு விரித்துரைத்து, அவர் வினாக்களுக்கு விடையிறுத்தல் போதும். முதுகலை மாணாக்கர் இளங்கலை மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லும் வழக்கத்தைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளுதலும் நன்று. நன்னூலைப் பாடமாக வைத்த துறைகள் அதன் பாடங்கேட்கும் முறையையும் கைக்கொள்ளுதல் கடனாகும்.