தனிநாயகம் அடிகளாரும் அயன்மொழிக் கல்வியும்

அயன்மொழி பயில்வோர் தாய்மொழியை மறப்பர் என்னும் அச்சம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. தவத்திரு தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு அவ்வச்சத்தைப் போக்கவல்லது.

1913-இல் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அடிகளார், உரோமையில் குருத்துவக் கல்வி பெற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தில் தோய்ந்தார். இலத்தீன், இத்தாலியம், போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளில் அவருக்கிருந்த புலமை தமிழுக்கே பயன்பட்டது. அந்தாம் தெ புரொயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியை அடிகளார் கண்டறிந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1966-இல், அதனைக் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். அவ்வாண்டிலேதான் அந்நகரில் முதல் உலகத் தமிழ் மாநாடும் கூடிற்று.

அகராதியைப் போன்றே இலக்கண நூல்களும் உள. என்றீக்கே என்றீக்கசு 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய தமிழிலக்கணம் போர்த்துக்கீசியத்தில் அமைந்தது. சீகன்பால்கு 1716-இல் செருமனியின் ஆலே நகரில் வெளியிட்ட தமிழிலக்கணமும், 1738-இல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் ஆனவை. ஏட்டுச் சுவடிகள் பெரிதும் போற்றாது விட்ட பேச்சுத்தமிழை இந்நூல்கள் காத்துத் தந்துள்ளன. அம்மொழிகளை அறியாத ஆய்வாளர் பிறர் மொழிபெயர்த்துத் தந்த அளவிலேயே நின்றுவிட நேர்கிறது.

காங்கேயத்திற்கு அண்மையிலுள்ள திருப்பூரின் பின்னலாடை ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்கிறது. வணிகத்தின்பொருட்டு அந்நாட்டு மொழிகளைக் கற்பதன் தேவையை இவ்வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தமிழாய்வுக்கும் அத்தேவை உண்டு. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஓர் அயன்மொழியேனும் பயில நம் பல்கலைக்கழகங்கள் வழிசெய்தல் வேண்டும். அடிகளார் தொடங்கிய தேடல் அப்பொழுதுதான் தொடரும்.