எல்லை தாண்டிய குடியும் திரும்பும் சாலையும்

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலான மீனவ ஊர்களைக் கொண்ட காரைக்கால் வட்டாரம் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. கிழக்கே கடல், மற்ற மூன்று புறமும் தஞ்சைச் சீமை. விடுமுறை நாள்களில் குடித்துவிட்டு வண்டியோட்டும் ஆபத்து இங்கே இந்த எல்லைக்கோட்டோடு சேர்ந்தே வளர்ந்தது.

1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலிலோ கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தே இருந்தன. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகும் காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரிக்குத் தனிக் கலால் ஏற்பாடு தொடர்ந்தது. குடிக்க விரும்பியவர் எல்லை தாண்டினார். மாட்டுவண்டி உண்டு, 1898இல் தொடங்கிய பேரளம்–காரைக்கால் ரயிலும் உண்டு. போதை தலைக்கேறினாலும் ரயிலை ஓட்டியவர் வேறொருவர். மாட்டுக்கோ வீட்டுக்கு வழி தெரியும்.

தமிழ்நாடு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974இல் திரும்பக் கொண்டுவந்து, 1981இல் மறுபடியும் கைவிட்டது. அதன் பின்னும் எல்லை தாண்டுவது நிற்கவில்லை. காரைக்காலில் வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. இதற்கிடையே 1980களில் பேரளம் ரயில் நின்றுபோனது, மோட்டார் சைக்கிள் பெருகியது. குடிக்க வந்தவரே திரும்ப ஓட்டிப்போக வேண்டியதாயிற்று. சட்ட மாற்றங்கள் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய திருப்பம்.

பொங்கல், புத்தாண்டு இரவு, மாங்கனித் திருவிழா என்றால் கடற்கரையும் கடைத்தெருவும் நிரம்பும். தெற்கு எல்லையில் வாஞ்சூர் மதுக்கடைகளிலிருந்து நாகூர் கூப்பிடு தூரம். இந்தக் குறைந்த தூரமே ஆளை ஏமாற்றுகிறது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். மோரோ எலுமிச்சையோ அதை விரைவுபடுத்தாது. அந்த நேரத்தில் அதே சாலையில் பிள்ளைகுட்டிகளோடு நடந்து திரும்பும் குடும்பங்களும் இருக்கும்.

குடிபோதையில் ஓட்டுவது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே குற்றம். 1988 சட்டத்தின் 185ஆம் பிரிவுக்கு 1994இல் வந்த திருத்தம் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தது. முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாயாக இருந்த அபராதம் 2019இல் 10,000 ஆனது.

தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில், 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2017 மார்ச்சில் 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. பின்னர் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கும் கிடைத்தது. மோட்டார் சைக்கிளுக்கு 500 மீட்டர் ஒரு தூரமே அல்ல. விலையைத் தொட்ட முயற்சி 2020 மே மாதம் நடந்தது: வெளியூர்க் கூட்டத்தைத் தடுக்கப் புதுச்சேரி அரசு கொரோனா வரி விதித்து, தமிழ்நாட்டிலும் கிடைக்கும் மதுவகைகளின் விலையை அங்குள்ள அளவுக்கு ஏற்றியது. அடுத்த ஆண்டு அந்த வரி விலகியது. பழைய விலை வித்தியாசமும் திரும்பியது.