பெரியவர்களில் சிக்கலான குடல்வால் அழற்சி

குடல்வாலில் தொடங்கிய அழற்சி அதன் சுவரைத் தாண்டிவிட்ட நிலையே சிக்கலான குடல்வால் அழற்சி. குடல்வால் ஓட்டை விழுந்திருக்கலாம், அழுகியிருக்கலாம், சுற்றிலும் சீழ் கட்டியிருக்கலாம். 'அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டது' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வெடித்த பிறகும் ஏன் ஆபரேஷன் செய்யவில்லை என்று உறவினர்கள் பதறுவது வார்டுகளில் வழக்கமான காட்சி. கசிந்தது வயிறெங்கும் பரவிவிட்டதா, ஓரிடத்தில் அடைபட்டு நிற்கிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறுகிறது.

பரவியிருந்தால் காத்திருக்க இடமே இல்லை. வயிறு முழுவதும் இறுகி, நாடி விரைந்து, சில சமயம் ரத்த அழுத்தமும் சரியும். நரம்பில் திரவமும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றிய கையோடு அறுவை அரங்குக்குக் கொண்டுபோகிறார்கள். இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி வழியாகவே குடல்வாலை நீக்கிச் சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள். வயிற்றை லிட்டர் கணக்கில் உப்புநீரால் கழுவுவதும், எல்லோருக்கும் வடிகுழாய் வைப்பதும் பழைய பழக்கங்கள். அவற்றால் கூடுதல் பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சீழில் முக்கியமாக இருப்பவை ஈ.கோலையும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீராய்டஸும். செஃப்ட்ரியாக்சோனுடன் மெட்ரோநிடசோல், அல்லது பிப்பெராசிலின்-டாசோபாக்டம் தருவது வழக்கம். மருந்துக்கு அடங்காத ஈ.கோலை இந்தியாவில் மலிந்திருப்பதால், சீழைக் கல்ச்சருக்கு அனுப்புவதை இங்கே தவிர்க்கக் கூடாது. மருந்தை நீட்டிக்கொண்டே போவதும் தேவையற்றது. அறுவை முழுமையாக அமைந்துவிட்டால் 2 நாள் ஊசி மருந்து 5 நாளுக்கு ஈடாகவே இருந்தது என்று 2023-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

அடைபட்ட நிலையின் கதை வேறு. வலி தொடங்கிய சில நாட்களில் ஒமென்டம் என்னும் கொழுப்புத்திரையும் பக்கத்துக் குடல்களும் குடல்வாலைச் சூழ்ந்து ஒட்டிக்கொள்ளும். வலது அடிவயிற்றில் கட்டி கைக்குத் தட்டுப்படும். அந்த நேரத்தில் கத்தி வைத்தால் எது குடல்வால், எது குடல் என்று பிரிப்பதே கடினம். சிறு அறுவையாக முடிய வேண்டியது பெருங்குடலின் ஒரு பகுதியையே வெட்டுவதில் போய் முடியலாம். அதனால் வந்ததுதான் ஆக்ஸ்னர்-ஷெரன் முறை: வாய்வழி ஆகாரம் நிறுத்தம், டிரிப், ஆன்டிபயாடிக், நாடி-காய்ச்சல் அட்டவணை, கட்டியின் எல்லையைத் தோலில் மையால் குறித்து அன்றாடம் அளப்பது. நாடி ஏறினாலோ, வலி பரவினாலோ, கட்டி பெருத்தாலோ இந்த முறையைக் கைவிட்டுவிட வேண்டும். சீழ்க்கட்டி 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. வழிகாட்டலில் குழாய் விட்டு வடிக்கிறார்கள். கைதேர்ந்த குழு இருக்கும் மருத்துவமனைகளில் உடனடி லேப்ராஸ்கோப்பியும் ஏற்கத்தக்க வழியே.

சீழை மட்டும் வடித்ததற்குப் புகழ்பெற்ற சான்று பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு. முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, 1902 ஜூன் 24 அன்று, பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தார். குடல்வாலைத் தொடவில்லை. ஆகஸ்ட் 9 அன்று முடிசூடிய மன்னர் 1910 வரை வாழ்ந்தார்.

கட்டி கரைந்தபின் சில வாரங்கள் விட்டு எல்லோருக்கும் குடல்வாலை நீக்கும் வழக்கம் இன்று தளர்ந்திருக்கிறது. தொல்லையற்ற இளையவர்களுக்கு அது கட்டாயமில்லை. திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 40 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தத் தளர்வு பொருந்தாது. சீழ்க்கட்டி ஆறியவர்களைத் தொடர்ந்து கவனித்த பின்லாந்து ஆய்வு ஒன்று, குடல்வாலில் கழலை (டியூமர்) எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தென்பட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டது. கழலை இருந்தவர்கள் அனைவரும் 40-ஐத் தாண்டியவர்கள். இந்தியாவில் அதே இடத்தில் குடல் காசநோயும் கட்டியாக வரும். எனவே அந்த வயதினர் வலி போய்விட்டது என்று இருந்துவிடாமல், கொலோனோஸ்கோப்பியும் மறு சி.டி. ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும்.