கேட்டால் கிடைக்கும் ஊர்



கும்பகோணத்தில் பிறந்தவனிடம் "உங்கள் ஊரில் வாழ்வதில் அப்படி என்ன சிறப்பு?" என்று கேட்டால், கோயில்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை வரும் மகாமகம், கொழுந்து வெற்றிலை, டிகிரி காப்பி என்று அடுக்கத் தொடங்கிவிடுவான். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை இரண்டாம் முறை படித்த பின்னர் என் விடை மாறிவிட்டது.

1880ஆம் ஆண்டு. காவிரிக் கரையிலுள்ள கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வுபெற, அவருடைய பரிந்துரையால் இருபத்தைந்து வயது சாமிநாதையர் தமிழாசிரியராகச் சேர்கிறார். அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவ்வூருக்கு முன்சீப்பாக வருகிறார். இளம் ஆசிரியர் அவரைக் காணச் சென்றபோது, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்ட பட்டியலை ஒப்பிக்கிறார் ஐயர். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பது அவருடைய அடுத்த கேள்வி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருக்கு அன்று 'இல்லை' என்பதே விடையாக இருந்தது! மற்றொருவராயின் சினந்துகொண்டு வீடு திரும்பியிருப்பார். ஐயரோ முதலியாரிடமிருந்தே சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார்.

என்னை மிகவும் ஆட்கொண்டது இதற்கடுத்த நிகழ்ச்சிதான். நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமண சமயச் செய்திகள் ஐயருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்ல, அவருடன் சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்துக்குச் செல்கிறார். வாயிலில் தோரணம் கட்டியிருக்கிறது. ஏதேனும் விசேஷமா என்று கேட்டால், சிந்தாமணி படனம் அன்றுதான் நிறைவுற்றதாம்!

சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ்ப் புலவருலகம் ஏறக்குறைய மறந்தேவிட்ட காப்பியம், அதே ஊரில் ஒரு வீட்டில் பக்தியோடு முறையாக ஓதப்பட்டு வந்திருக்கிறது. சைவ மடத்தில் பயின்ற ஓர் அந்தணருக்கு அவ்வீட்டார் தம் சமய நுட்பங்களைத் தயங்காமல் விளக்கினர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவை வெளிவந்தபோதும் ஐயர் கும்பகோணத்து ஆசிரியரே. 1903இல்தான் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார்.

ஊரின் பெருமையை மட்டுமே பேசுவது நேர்மையாகாது. ஐயர் நீங்கிய மறு ஆண்டு அதே கல்லூரியில் சேர்ந்த மாணவர் ஒருவர் கணிதம் தவிர எதிலும் மனம் செலுத்தாமல் உதவித்தொகையை இழந்தார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன்தான் அவர். பழைய நூல் தேடியவருக்குக் கைகொடுத்த ஊர், புதிய கணிதம் தேடியவரிடம் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டது. (சிந்தாமணி அச்சான 1887தான் இராமானுஜன் பிறந்த ஆண்டும் என்பதில் எனக்கொரு சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சி!)

இராமானுஜன் வாழ்ந்த இல்லத்தை 2003இல் சாஸ்திரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாகப் பேணி வருகிறது. ஆனால் தோரணம் கட்டியிருந்த அந்த வீடு? விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் விசாரிக்கிறேன். வெற்றிலைக் கடைக்காரர், கோயில் ஓதுவார், பழைய புத்தகக் கடைப் பெரியவர் என ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கடைசியாகக் கேட்ட பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சிந்தாமணியா? அது யார் வீட்டுப் பெண் தம்பி?" என்றார்.