கரையான் தின்ற கணக்கு: இந்திய மத்திய தரைக்கடல் உணவு ஆய்வின் கதை

மத்திய தரைக்கடல் உணவு இதயத்துக்கு நல்லது என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. ஆலிவ் எண்ணெய், காய்கறி, பழம், பருப்பு, கொட்டைகள், மீன், தீட்டாத தானியம்... இறைச்சியும் இனிப்பும் கொஞ்சமாக. அவ்வளவுதான் அந்த உணவு. 1958ல் அமெரிக்கரான ஆன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரீஸ் நாட்டின் கிரீட் தீவு ஆண்களுக்கு இதய நோய் மிகக் குறைவு என்று தெரிந்தது. அதன்பின் அந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் புகழ் வந்தது.

சரி, ஆலிவ் எண்ணெய்க்கு நம்மவர்கள் எங்கே போவது? இதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு பதில் வந்தது. உத்தரப்பிரதேசத்தின் மொரதாபாத்தில் டாக்டர் ராம் பி. சிங் குழுவினர் 1000 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழு தானியம், பழம், காய்கறி, வால்நட், பாதாம், கடுகு அல்லது சோயா எண்ணெய். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கொழுப்பு குறைந்த உணவு. இரண்டு ஆண்டுகளில் முதல் பிரிவில் 39 இதயப் பாதிப்புகள், மற்றதில் 76. லான்செட் இதழ் 2002ல் இதை வெளியிட்டது. பாதியாகக் குறைந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

ஆனால் அதே மருத்துவரின் பழைய ஆய்வு ஒன்றை 1992ல் வெளியிட்டிருந்த பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்குச் சந்தேகம் வந்திருந்தது. மூலப் பதிவேடுகளைக் கேட்டார்கள். சில பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டதாகப் பதில் வந்தது என்று அந்த இதழ் 2005ல் எழுதியது. கிடைத்த எண்களைப் புள்ளியியல் நிபுணர்கள் சோதித்தபோது, அவை உண்மையான எண்கள் போல இல்லை என்றார்கள். அந்த ஆண்டே இரண்டு இதழ்களும் அந்த ஆய்வுகள் மீது கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டன.

வவுச்சர் இல்லாத கணக்கை ஆடிட்டர் ஏற்க மாட்டார். லாபம் எவ்வளவு பெரிதாகக் காட்டியிருந்தாலும் சரி. இங்கே பணயம் பணம் அல்ல, மாரடைப்பு வந்த மனிதர்களின் உயிர்.

தப்பு நேர்ந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஸ்பெயின் உதாரணம். அங்கே 7447 பேரிடம் நடந்த ப்ரெடிமெட் ஆய்வு, ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த உணவால் இதய ஆபத்து சுமார் 30 சதவீதம் குறைந்தது என்று 2013ல் சொன்னது. சிலரைச் சரியான முறையில் குலுக்கிப் பிரிக்கவில்லை என்று பின்னர் தெரிந்தது. 2018ல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. கணக்கு கையில் இருந்ததால்தான் திருத்த முடிந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? சென்னை நகரவாசிகள் கலோரியில் ஏறக்குறைய பாதியைத் தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து, பெறுகிறார்கள் என்று 2009ல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் போன ஆரணிப் பக்கத்தில், சேவூரில் நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து நெய்பவரின் தட்டிலும் சோறுதான் அதிகம். கிரீட் தீவையோ ஸ்பெயினையோ அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சோற்றைக் குறைத்துப் பருப்பும் காய்கறியும் கூட்டினால் நம்மவர் இதயத்துக்கு எவ்வளவு லாபம் என்பதை, யார் கேட்டாலும் காட்டக்கூடிய பதிவேடுகளோடு இங்கேயே ஆராய்ந்து சொல்ல வேண்டும்.