திருட்டுச் சாவி

நாமக்கல் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆஞ்சநேயர். முட்டை. அப்புறம் லாரி. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று அந்தச் சமவெளியில் எத்தனையோ குடும்பங்களுக்கு லாரிதான் பிழைப்பு. வெறும் சேஸிஸாக வந்து சேரும் வண்டிக்கு நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டுவார்கள். அப்புறம் அது இந்தியா முழுக்க லோடு அடிக்கும்.

1990-களில் அந்த ஊரோடு இன்னொரு பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. எய்ட்ஸ்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தபோது, நம்ம ஊரிலாவது, எய்ட்ஸாவது என்று நினைத்தவர்கள்தான் அதிகம். பத்துப் பதினைந்து வருடங்களில் தமிழ்நாட்டில் தொற்று அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் பதிவாகிவிட்டது. வாரக்கணக்கில் வீடு திரும்பாமல் வண்டி ஓட்டியவர்கள், ஊரைத் தாண்டியே போகாத அவர்களின் மனைவிமார், ஒரு பாவமும் அறியாத குழந்தைகள். நோயைவிட, ஊர் பேசிய பேச்சு கொடுமை.

இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதே வைரஸைப் பற்றி அதிகம் பேசப்படாத இன்னொரு கதை இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு அடிப்படை விஷயம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சுவர் ஒன்று உண்டு. சின்னச் சின்ன மூலக்கூறுகள் சில அதில் நழுவி உள்ளே போய்விடும். நாம் விழுங்குகிற மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். புரதம் மாதிரிப் பெரிய சரக்கு வந்தால் சுவர் மசியாது. ஆய்வுக்கூடக் குழாயில் அற்புதமாக வேலை செய்கிற மருந்து, உடம்புக்குள் போனதும் செல்லின் வாசலிலேயே நின்றுவிடும். என்ன பிரயோஜனம்?

1988. அமெரிக்காவில் ஆலன் ஃபிராங்கல், கார்ல் பாபோ ஒரு பக்கம். மாரிஸ் கிரீன், பால் லோவன்ஸ்டைன் இன்னொரு பக்கம். இரு தரப்பும் ஆராய்ந்தது எச்.ஐ.வி.யின் 'டாட்' என்கிற புரதத்தை. செல்கள் வளரும் திரவத்தில் அதைச் சும்மா கலந்து விட்டார்கள். ஊசி கிடையாது, ஒன்றும் கிடையாது. அது பாட்டுக்குச் சுவரைத் தாண்டி, உட்கரு வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது!

எப்படி? பிற்பாடு துருவிப் பார்த்ததில், முழுப் புரதம்கூட வேண்டாம், 11 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு போதும் என்று தெரிந்தது. அதில் எட்டு, பாசிட்டிவ் மின்னேற்றம் கொண்டவை. செல்லின் வெளிப்பக்கமோ நெகட்டிவ். இழுத்து ஒட்டிக்கொள்கிறது. பயப்படாதீர்கள். அந்தத் துண்டு தானாகப் பெருகாது, எய்ட்ஸைக் கொண்டுவராது. நாமக்கல் பாஷையில் சொன்னால், வைரஸிடமிருந்து எடுத்தது சேஸிஸ் மட்டும். நமக்கு வேண்டிய பாடியை அதன் மேல் கட்டிக்கொள்ளலாம்.

கட்டினார்கள். 1999-ல் ஸ்டீவன் டௌடியின் குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம் ஒன்றை இந்த டாட் துண்டோடு இணைத்து எலிகளுக்குச் செலுத்தியது. மூளை உட்பட எல்லா உறுப்புகளுக்கும் சரக்கு போய்ச் சேர்ந்திருந்தது. லேசில் யாரையும் உள்ளே விடாத மூளைக்கே! உலகமே துள்ளிக் குதித்தது.

அவசரப்பட்டுவிட்டார்கள். 2003-ல் பிரான்ஸ் நாட்டு மோன்பெலியே ஆராய்ச்சியாளர்கள் ஒரு குண்டு போட்டார்கள். நுண்ணோக்கியில் பார்க்க வசதியாக, செல்களை ரசாயனத்தில் பதப்படுத்துவது வழக்கம். அந்தப் பதப்படுத்தலே படத்தைப் பொய்யாக்கியிருக்கிறது. உயிருள்ள செல்லில் பார்த்தால், சரக்கின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே குட்டிப் பைகளில் சிறைப்பட்டுக் கிடந்தது. கேட்டைத் தாண்டிய லாரி, குடோனைத் திறக்க ஆளில்லாமல் நிற்கிற மாதிரி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. எல்லாக் கதவையும் திறக்கிற சாவி, திறக்கக் கூடாத கதவையும் திறக்கும். புற்றுநோய் செல்லைக் கொல்லும் மருந்து நல்ல செல்லுக்குள்ளும் போனால் என்ன ஆகும்? 2004-ல் ரோஜர் சியென் குழு ஒரு வழி சொன்னது. (பின்னால் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர்தான்.) சாவிக்கு நெகட்டிவ் மின்னேற்றத்தால் ஓர் உறை போடு. கட்டியைச் சுற்றி அதிகம் இருக்கும் நொதி வெட்டினால்தான் உறை கழலும். நல்ல செல்களின் பக்கத்தில் சாவி பெரும்பாலும் உறைக்குள்ளேயே இருக்கும்.

மனிதர்களிடம்? பக்கவாத நோயாளிகளின் மூளை செல்களைக் காப்பாற்ற டாட் துண்டின் மேல் கட்டிய 'நெரினெடைட்' என்ற மருந்தை 1,105 பேரிடம் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ஆராய்ச்சி நிற்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களைக் காப்பாற்றுவது இந்தச் சாவி அல்ல. 2004 முதல் அரசு இலவசமாகத் தர ஆரம்பித்த கூட்டு மருந்துகள்தான். அதற்கு முன்னால் போனவர்கள் போனவர்கள்தான். எந்த ஆராய்ச்சியும் அவர்களுக்கு ஈடாகாது. ஆனால் கொன்றவனின் திருட்டுச் சாவியைப் பிடுங்கி வைத்தியருக்குக் கொடுக்க முடியுமா என்று முயல்வது நியாயமான வேலை.

அது ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்று கேட்டால், நாமக்கல் டிரைவர் யாரும் சொல்லிவிடுவார். லோடு ஏற்றுவது பாதி வேலைதான் சார். சரியான விலாசத்தில், சேதமில்லாமல் இறக்குவதுதான் மீதி.