வழி உரிமையிலிருந்து அனுமதிக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் மலைப்பகுதியின் பயண வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையாக அமைந்த மலைப்பகுதி இன்று இயற்கைச் சுற்றுலாத் தலமாக அறியப்படுகிறது. சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகிய அறிவிப்புகளுக்கு மிக முன்னரே இம்மலைக்குள் வழிபாட்டுப் பயணமும் வனவாழ் மக்களின் நடமாட்டமும் நிலைபெற்றிருந்தன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தொடங்கி 2021ஆம் ஆண்டின் புலிகள் காப்பக அறிவிப்பு வரையிலான காலத்தில், காட்டுவழி பற்றிய சட்டக் கருத்து ‘உரிமை’ என்பதிலிருந்து ‘அனுமதி’ என்பதற்கு இடம்பெயர்ந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது. பக்தர், பளியர், சுற்றுலாப் பயணி ஆகிய மூவரையும் இம்மாற்றம் எவ்வாறு வெவ்வேறு வகையில் பாதித்தது என்பதும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சதுரகிரி, பளியர், சாம்பல் நிற அணில், வன உரிமை, சூழல் சுற்றுலா

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை நோக்கி அமைந்த நகரங்கள். பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. மலைக்கும் மக்களுக்கும் இடையிலான வழிகளோ இவ்வெல்லைகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இம்மலைப்பகுதி பற்றிய அறிமுக நூல்களும் வழிகாட்டிகளும் அதன் பயண வரலாற்றைப் பெரும்பாலும் 1988ஆம் ஆண்டின் சரணாலய அறிவிப்பிலிருந்தே தொடங்குகின்றன. அத்தொடக்கப் புள்ளி, அதற்கு முன் இக்காட்டில் நடந்தவர்களை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. எனவே, பயணத்தின் வரலாற்றை வழியின் வரலாறாக அணுகுவது தேவையாகிறது.

ஊர்த்தோற்றக் கதையில் காடு

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராண மரபு அவ்வூரைக் காட்டிலிருந்து தோன்றியதாகவே காட்டுகிறது. மல்லி என்பாளின் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் வில்லி, கண்டன் என்னும் வேடர்குலச் சகோதரர் இருவர் வாழ்ந்தனர். வேட்டையின்போது கண்டனைப் புலி கொன்றது. இறைவன் கனவில் உணர்த்தியபடி வில்லி காட்டைத் திருத்தி ஊரும் கோயிலும் அமைத்தான் என்பது அம்மரபு. இதனை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலமாகப் போற்றப்படும் ஊர், தன் தோற்றத்தை நினைவுகூரும்போது வேடனையும் புலியையும் கதையின் மையத்தில் வைத்திருப்பது கருதத்தக்கது. புலியால் ஓர் இழப்பு நேர்ந்தபின் காடு திருத்தப்பட்டது என்று கூறும் ஊரின் பெயரையே இன்று ஒரு புலிகள் காப்பகம் தாங்கி நிற்கிறது.

ஊர் உருவான பின்னரும் வழிபாடு காட்டை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. செண்பகத்தோப்புக்கு மேலே வனத்தினுள் காட்டழகர் கோயில் உள்ளது. இராஜபாளையத்துக்கு மேற்கே அருவியை ஒட்டி நீர்காத்த அய்யனாரும், தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் சாஸ்தாவும் கோயில் கொண்டுள்ளனர். இத்தெய்வங்களின் இருப்பிடங்கள் நீர்வழிகளை ஒட்டியே அமைந்திருப்பது தற்செயல் அன்று. ‘நீர்காத்த’ என்னும் அடைமொழியே மலைநீரைக் காக்கும் பொறுப்பைத் தெய்வத்தின்மேல் ஏற்றியுள்ளது. இராஜபாளையத்தின் குடிநீருக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இன்றும் இம்மலைநீரைச் சார்ந்திருப்பதால், அப்பெயரின் பொருள் வழக்கொழிந்துவிடவில்லை.

சதுரகிரி: பெயர்களால் அமைந்த வழி

இப்பகுதியின் மலைப்பயணங்களுள் மிகுதியான மக்களை ஈர்ப்பது சதுரகிரிப் பயணமாகும். சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோயில்கள் வருவாய் நிர்வாகத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலோர் ஏறும் வழியோ விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையில் தொடங்குகிறது. சித்தர்கள் உறையும் மலை என்ற நம்பிக்கை இப்பயணத்துக்கு அடிப்படை. ஆடி அமாவாசையன்று கூட்டம் உச்சத்தை எட்டும்.

இவ்வழியிலுள்ள இடப்பெயர்கள் ஆய்வுக்குரியவை. மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி என்னும் பெயர்களை இருவகையாகப் பகுக்கலாம். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் போன்றவை வழிபடுவோருக்கு உரியவை. வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை போன்றவை நடப்போருக்கு உரியவை. எங்கே கால் வழுக்கும், எங்கே பிடிமானம் வேண்டும் என்பதை அவை முன்னரே அறிவிக்கின்றன. செல்லும் வழியின் இடர்களைப் பயணிக்கு எடுத்துரைக்கும் முறை தமிழில் ஆற்றுப்படை இலக்கியத்திலேயே உண்டு; மலைபடுகடாம் அதற்குச் சிறந்த சான்று. எழுத்தில் பதிவான அம்மரபின் வாய்மொழி இணையாகச் சதுரகிரியின் இடப்பெயர்களைக் கருத இடமுண்டு.

பளியர்: வழியறிந்த மக்கள்

இவ்வழிகளை நெடுங்காலமாக அறிந்தவர்கள் பளியர். செண்பகத்தோப்பு, அத்திகோயில், தாணிப்பாறை, அய்யனார்கோயில் ஆகிய அடிவாரப் பகுதிகளில் அவர்களது குடியிருப்புகள் உள்ளன. தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், சிறுவனப் பொருள்கள் சேகரித்தல் ஆகியவை அவர்களின் மரபுத் தொழில்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் பளியர் பற்றிய குறிப்பு இடம்பெற்றுள்ளது. 1960களின் முற்பகுதியில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் பளியரிடையே களப்பணி மேற்கொண்டார். மோதலைத் தவிர்த்து விலகிச் செல்லுதல், ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமை ஆகியவற்றை அவர்களது சமூக வாழ்வின் அடிப்படைப் பண்புகளாக அவர் எடுத்துக்காட்டினார்.

விலகிச் செல்லுதல் என்னும் இப்பண்பு, விலகிச் செல்ல இடம் இருக்கும்வரைதான் இயலும். காடு எல்லையிடப்படும்போது முதலில் சுருங்குவது அந்த இடமே. பளியரின் வழியறிவுக்கு வெளியார் தரும் மதிப்பும் நிலையானதன்று. மலையேறும் பக்தரின் சுமையைத் தூக்கவும், வனத்துறையினருக்குத் தடம் காட்டவும் அவ்வறிவு பயன்படுகிறது. வனத்தின் எதிர்காலம் பற்றிய முடிவுகளில் அது அரிதாகவே இடம்பெறுகிறது.

காப்புக்காடும் வழி உரிமையும்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், ஒரு நிலத்தைக் காப்புக்காடாக அறிவிக்குமுன் அதன்மீதான கோரிக்கைகளை வன நிர்ணய அலுவலர் விசாரிக்க வேண்டும் என விதித்தது. வழி உரிமை, நீர் உரிமை, மேய்ச்சல் உரிமை, வனப்பொருள் உரிமை ஆகியவை அச்சட்டத்தில் தனித்தனியே பெயர் சுட்டப்பட்டன. காலனிய அரசின் நோக்கம் வனத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதே என்பதில் ஐயமில்லை. ஆயினும், காட்டில் நடப்பவருக்கு அக்காட்டின்மேல் ஒரு கோரிக்கை இருக்கக்கூடும் என்பதையாவது அச்சட்டம் ஒப்புக்கொண்டது. எழுத்தும் அலுவலகமும் அறியாத மக்களுக்கு அக்கோரிக்கையை உரிய காலத்தில் முன்வைப்பது எளிதன்று என்பது அதன் மறுபக்கம்.

சரணாலயமும் அனுமதியும்

1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேறோர் அடிப்படையில் அமைந்தது. சரணாலயம் அமைக்கும்போது உரிமைகளை விசாரித்து, சிலவற்றைத் தொடர அனுமதிக்கும் வழிமுறை இச்சட்டத்திலும் உண்டு. ஆனால், பிறருக்கு நுழைவு அனுமதி வழங்கத்தக்க நோக்கங்களை 28ஆம் பிரிவு வரையறுத்துள்ளது: வனஉயிரின ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, சரணாலயத்தில் வசிப்போருடன் முறையான தொழில் நடத்துதல் ஆகியவை. இப்பட்டியலில் சுற்றுலாவுக்குப் பெயர் உண்டு. வழிபாட்டுக்குப் பெயர் இல்லை. பல தலைமுறைகளாக மலையேறிய பக்தரைச் சுட்டச் சட்டத்தில் ஒரு சொல் இல்லாத நிலையில், அண்மையில் உருவான சூழல் சுற்றுலாப் பயணிக்கு ஆயத்தமாக ஒரு சொல் இருந்தது.

இச்சட்டத்தின்கீழ் 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவின் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இவ்வணில், மரக்கிளைகளில் தாவியே இடம்பெயர்கிறது. மர உச்சிகளில் கூடு கட்டுகிறது. ஆகவே, இடைவெளியின்றித் தொடரும் மரவிதானமே அதன் வழி. அடிவார மாந்தோப்புகளிலும் அது நடமாடுவதால், சரணாலய எல்லைக்கு வெளியிலுள்ள தனியார் நிலமும் அதன் வாழ்விடத்தில் அடங்குகிறது. அகலப்படுத்தப்படும் சாலையும் வெட்டப்படும் தோப்பும் அவ்வழியை அறுத்துவிடுகின்றன. பாதுகாப்பின் தேவையை மறுக்க இயலாததற்கு இதுவே காரணம்.

2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலை வனஉயிரினச் சரணாலயமும் இணைக்கப்பட்டு, தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் உருவாயிற்று. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு தொடர்ச்சியுடைய இக்காடு, வைகை, வைப்பாறு ஆகியவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் உள்ளடக்கியது.

மூவர் பெற்ற இடம்

2015 மே மாதம் சதுரகிரியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கான கட்டுப்பாடுகள் இறுகின. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டும் அனுமதி, மழைக்காலத்தில் தடை என்னும் நடைமுறைகள் நிலவின. பக்தரின் நாள்காட்டியையே நிர்வாகம் தன் கட்டுப்பாட்டுக் கருவியாக ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது. சட்டத்தில் பெயரில்லாத பக்தர், எண்ணிக்கையாலும் நம்பிக்கையாலும் நடைமுறையில் ஓர் இடத்தைப் பெற்றார். சுற்றுலாப் பயணிக்கோ சட்டத்திலேயே இடம் இருந்தது. புலிகள் காப்பகங்களில் சுற்றுலாவை நெறிப்படுத்தும் வழிகாட்டு நெறிமுறைகள் 2012இல் வெளியாயின.

பளியரின் நிலை இவ்விரண்டிலும் அடங்காது. அவர்கள் விருந்தினராக வருவோர் அல்லர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையையும், பல்லுயிர் வளம் சார்ந்த மரபறிவின்மீதான சமூக உரிமையையும் ஏற்றுள்ளது. ‘அனுமதி’ என்ற சொல்லிலிருந்து ‘உரிமை’ என்ற சொல்லுக்குச் சட்டம் மீண்ட இடம் இது. சரணாலயங்களும் அதன் வரம்புக்குள் அடங்கும். எனவே, புலிகள் காப்பகத்தின் சுற்றுலாத் திட்டங்களில் பளியரை வழிகாட்டிகளாகப் பணியமர்த்துவது வருவாய்க்கு உதவக்கூடும். அது சட்டம் ஏற்ற உரிமைக்கு ஈடாகாது.

முடிவுரை

ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் மலைப்பகுதியில் இயற்கைப் பயணம் புதிய வழக்கமன்று. யார், எப்பெயரில், யாருடைய இசைவோடு நடக்கிறார் என்பதே மாறியுள்ளது. 1882இல் கோரிக்கையாகக் கருதப்பட்ட வழி, 1972க்குப் பின் அனுமதியாயிற்று. 2006இல் வனவாழ் மக்களைப் பொறுத்தமட்டில் மீண்டும் உரிமையாகச் சட்டத்தில் இடம்பெற்றது. இப்பகுதியின் பயண வரலாற்றை 1988இலிருந்து தொடங்கும் எழுத்துமுறை, சட்டத்தின் பட்டியலையே வரலாற்றின் பட்டியலாகவும் ஆக்கிவிடுகிறது. இடப்பெயர்கள், வழிபாட்டு மரபுகள், பளியரின் வழியறிவு ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளும்போதுதான் அவ்வரலாறு முழுமை பெறும். அணிலின் மரவழியும் மனிதரின் மலைவழியும் ஒரே காட்டில் அமைந்தவை என்பதால், ஒன்றைக் காக்கும் திட்டம் மற்றொன்றின் வரலாற்றை அறிந்தே வகுக்கப்பட வேண்டும்.